ஒரே குளத்துக்கு இரண்டு தளம்

தீர்ப்புச் சொல்ல ஆசையுள்ளவர்கள் கொஞ்சம் அருகே வாருங்கள். ஒரு வழக்கு இருக்கிறது.

ஒரு பல்கலைக்கழகம். அதன் கணினித் துறையில் இருப்பது ஒரே ஒரு சர்வர். மாணவர் குழுக்கள் அத்தனையும் தங்கள் இணையதளங்களை அதில்தான் வைக்க வேண்டும். குழுவுக்கு ஒரு ஃபோல்டர் உண்டு. ஆனால் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. தனித்தனியாகக் கொடுத்தால் ஆளாளுக்கு மறந்துவிட்டு வந்து நிற்பார்களாம்! பத்துக் குடித்தனத்துக்கு ஒரே சாவி கொடுத்த கதைதான்.

செண்பகாவும் அவள் தோழிகள் இருவரும் வளாகக் குளத்துக்கு வரும் பறவைகளைப் பற்றித் தளம் செய்தார்கள். பருவம் முழுக்க வெயிலில் காய்ந்து எடுத்த படங்கள். அதில் ஓர் அசட்டுத்தனமும் இருந்தது. பக்கமும் படமும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், படத்தை அழைக்க அதன் பெயர் மட்டும் போதும். செண்பகாவோ ஒவ்வொரு படத்துக்கும் சர்வர் பெயர், தன் ஃபோல்டர் பெயர் என்று முழு முகவரியும் எழுதியிருந்தாள். பேராசிரியர் தாணுமாலயன் வகுப்பிலேயே கேலி செய்தார்.

"ஏம்மா, அடுக்களையில நிக்கிற அம்மாவைக் கூப்பிட கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் சொல்லுவியா?"

வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் ரெஜின். செண்பகா ரோஷத்தில் அதைத் திருத்தவே இல்லை.

மதிப்பீட்டு நாள் வந்தது. ரெஜினின் குழு முதலில் தன் தளத்தைக் காட்டியது. நாரை, முக்குளிப்பான், நீர்க்காகம்! தலைப்பும் நிறமும்தான் வேறு. செண்பகாவுக்குக் காது சுட்டது.

"சார், அது எங்களுது!"

"எங்களுதைத்தான் இவங்க சுட்டிருக்காங்க சார்," என்றான் ரெஜின், கண் இமைக்காமல். "படமெல்லாம் என் லேப்டாப்பிலயும் இருக்கு."

எது முந்தியது என்று பார்க்கவும் வழியில்லை. போன வாரம் சர்வரைப் புதுப்பித்தபோது எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது.

தாணுமாலயன் கண்ணாடியைக் கழற்றினார். "பஞ்சாயத்துப் பண்ண எனக்கு நேரமில்லை. ரெண்டு குழுவுக்கும் பூஜ்யம். அடுத்த வருஷம் மறுபடி செய்யுங்க."

பறிகொடுத்தவளுக்கும் திருடினவனுக்கும் ஒரே தண்டனை! இதற்குப் பெயர் நடுநிலையாம்.

"ஒரு நிமிஷம் சார்," என்று செண்பகா எழுந்தாள். "ரெஜின், உன் தளத்துல வேற யாராவது கை வச்சாங்களா?"

"ஒருத்தரும் வைக்கலை. காலையிலகூடப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் நான் அடிச்சது."

"மாத்திப் பேச மாட்டியே?"

"எதுக்கு மாத்தணும்?"

"அப்ப சார், சர்வர்ல இருக்கிற எங்க ஃபோல்டரை அழிச்சிடுங்க."

தோழி ஆக்னஸ் அவள் கையைக் கிள்ளினாள். "ஏட்டி, கிறுக்கா உனக்கு?"

"பாத்தீங்களா சார், ஒத்துக்கிட்டா!" என்று ரெஜின் மேஜையைத் தட்டினான்.

பேராசிரியரின் விரல் மவுஸின் மேல் நின்றது.

இப்போது சொல்லுங்கள். செண்பகா தோல்வியை ஒப்புக்கொண்டாளா? இல்லையென்றால், தன் உழைப்பைத் தன் வாயாலேயே அழிக்கச் சொன்னது ஏன்?

விடை: பேராசிரியர் அழித்தார். செண்பகாவின் தளம் போயிற்று, அது எதிர்பார்த்ததுதான். ரெஜினின் தளத்தைப் புதிதாகத் திறந்தார். எழுத்தெல்லாம் இருந்தது, பறவை ஒன்றுகூட இல்லை, வெறும் கட்டங்கள். படங்களைத் தன் ஃபோல்டரில் வைத்திருந்தும், முழு முகவரியோடு அப்படியே நகலெடுத்த அவன் பக்கங்கள் செண்பகாவின் ஃபோல்டரைத் தேடித்தான் போயின. ஒவ்வொரு எழுத்தையும் தானே அடித்தவன், அடுத்தவள் முகவரியையும் தானே அடித்தானாம்! செண்பகா தன் லேப்டாப்பிலிருந்து ஃபோல்டரை மறுபடி ஏற்றினாள். இரண்டு தளத்திலும் நாரைகள் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. "பின்கோடு போட்டது நல்லதாப் போச்சு சார்," என்றாள். வகுப்பு மறுபடி சிரித்தது. இந்த முறை ரெஜின் சிரிக்கவில்லை. பேராசிரியர் இரண்டு பூஜ்யங்களில் ஒன்றை அழித்தார்.