மலை மைனாவின் சொந்தக் குரல் போன கதை

அந்தக் காலத்தில் மலை மைனாவுக்கென்று சொந்தமாக ஒரு குரல் இருந்தது. மைனாவுக்கு மட்டுமா, நண்டுக்கும் உடும்புக்கும்கூட இருந்தது. எல்லா உயிரும் பேசின, ஒன்று பேசியது இன்னொன்றுக்குப் புரிந்தது. மனிதன்தான் அப்போதே பேச்சைக் கூறு போட்டு, இது என் மொழி, அது உன் மொழி என்று வேலி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதனால் ஒரு மனிதன் சொல்வது அடுத்த மனிதனுக்கு விளங்காவிட்டால், நடுவில் ஒரு பறவையைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது, அப்படித்தான் இருந்தது.

தெற்குக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே ஊர் கிடையாது, கடை கிடையாது. பாறை இடுக்கிலிருந்து வரும் ஒரு நல்ல தண்ணீர்ச் சுனை மட்டும் உண்டு. அந்தச் சுனைக்கு மேலே நின்ற மரத்தில் ஒரு மலை மைனா தனியாக இருந்தது. அதன் ஜோடி ஒரு புயலில் போய்விட்டது. மற்ற மைனாக்கள் பழம் தேடிப் பெரிய கரைக்குப் போனபோது, ஜோடி திரும்பி வந்தால் நம்மைத் தேடுமே என்று இது மட்டும் தங்கிவிட்டது. ஜோடி வரவே இல்லை.

பேச ஆள் இல்லாமல் மைனா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நண்டிடம் போய்ப் பேசினால் அது பாதிப் பேச்சில் வளைக்குள் போய்விடும். உடும்பிடம் பேசலாம், ஆனால் அது ஒரு கஞ்சப் பிரபு. காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம், "ம்" என்று ஒரு பதில் வரும். மைனா கடைசியில் அலையிடம் பேசத் தொடங்கியது. அலையாவது ஏதோ சத்தம் போடுகிறதே என்றுதான்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் சீனக் கப்பல் ஒன்று வந்து, ஒரு மனிதரைச் சுனையருகே இறக்கிவிட்டுப் போனது. அவர் பெயர் ஹெங். கற்பூரம் வாங்கி விற்கப் புறப்பட்டு வந்தவர், வழியில் விஷக்காய்ச்சல் கண்டுவிட்டது. கூட வந்தவர்கள் பயந்துபோய், ஒரு மூட்டை அரிசியையும் ஒரு சட்டியையும் பக்கத்தில் வைத்து, "உடம்பு தேறட்டும், வந்து கூட்டிப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அவர்கள் போய்ச் சொன்ன கதையில் அது காய்ச்சல் தீவு என்று பேர் வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்தச் சீனக் கப்பலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஹெங் பிழைத்துக்கொண்டார், பிழைக்க வைத்தது மைனாதான். எந்தப் பழம் தின்னலாம், எந்தக் கிழங்கு விஷம், எங்கே ஆமை முட்டையிடும் என்று எல்லாம் அதுதான் சொன்னது. அவர் ஒரு குடிசை போட்டுக்கொண்டார். அவருக்கு அது வைத்த பெயர் தவுக்கே. அந்தப் பக்கத்தில் முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு சட்டிக்கும் ஓட்டைக் குடிசைக்கும் முதலாளி.

"தவுக்கே, இன்னைக்கு என்ன வியாபாரம்?" என்று மைனா கேட்கும்.

"ரெண்டு கிழங்கு வரவு. ரெண்டையும் தின்னாச்சு" என்பார் அவர்.

சிரித்துப் பேசினாலும் ஹெங்கின் மனம் அங்கே இல்லை. ஊரில் தாயில்லாத மகள் ஒருத்தி இருந்தாள், சியூ லான் என்று பெயர். அக்கா வீட்டில் விட்டு வந்திருந்தார். "உன் பால் பல் விழுறதுக்குள்ள வந்துடுவேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தார். "சின்னப் புள்ளை, மைனா. கண்ணுக்கு முன்னால இல்லாத முகத்தை அது எவ்வளவு நாள்தான் ஞாபகம் வச்சிருக்கும்?" என்று தினமும் கேட்பார். மைனா உடனே ஆமை முட்டைப் பேச்சை எடுத்துவிடும்.

சீனக் கப்பல்கள் வராவிட்டாலும், இங்கிலீஷ் கப்பல்கள் எப்போதாவது தண்ணீர் பிடிக்க வந்தன. முதல் கப்பல் வந்தபோது ஹெங் விழுந்தடித்துக்கொண்டு கரைக்கு ஓடினார். அவருக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை 'குட்'. கப்பலைக் காட்டிக் காட்டி, "குட், குட்" என்றார். கப்பல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறார் போலும் என்று மாலுமிகள் நினைத்தார்கள். ஒருவன் அவரைப் போலவே கை நீட்டி, "குட், குட்" என்று ஆடிக் காட்ட, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போகும்போது ஒரு காய்ந்த ரொட்டியை வீசிவிட்டுப் போனார்கள்.

ஹெங் அந்த ரொட்டியைத் தொடவில்லை. பட்டினியைப் பொறுத்துக்கொள்வார், மானம் போவதைப் பொறுக்க மாட்டார், அவர் பிறந்த ஊர் வளர்ப்பு அப்படி. நேராக மைனாவிடம் வந்தார்.

"என்னைக் கூட்டிட்டுப் போன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? கத்துக் குடு. சரியா வந்தப்புறம்தான் இனி அவங்க முன்னால வாயைத் திறப்பேன்."

கப்பல் பாய்மரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இங்கிலீஷ் எல்லாம் மைனாவுக்கு அத்துப்படி. "'டேக்'னா கூட்டிட்டுப் போறது. 'டேக் மீ'னு சொல்லுங்க, போதும்" என்று சொல்ல வாயெடுத்தது. முதல் பாதியைச் சொல்லியும் விட்டது. 'போதும்' என்ற சொல் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இவர் போய்விட்டால் மறுபடியும் அந்த அலைதானே என்று நினைத்தது.

"ஆனா தவுக்கே, அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒண்ணு மட்டும் இல்லை. எல்லாத்தையும் தெரிஞ்சுக்காமச் சொன்னீங்கன்னா மறுபடியும் சிரிப்பாங்க" என்றது.

அது பொய்யும் இல்லை. டீ குடிப்பதற்கும் அவர்களுக்கு டேக்தான், மருந்து சாப்பிடுவதற்கும் டேக்தான். நாற்காலியில் உட்காருவதும், ஓய்வு எடுப்பதும், நேரம் ஆவதும் அதே டேக். பிரியும்போது ஜாக்கிரதை என்று சொல்வதற்கும் அதைத்தான் இழுப்பார்கள். ஒருவனை நன்றாக ஏமாற்றி அனுப்பினால், அவனைச் சவாரிக்கு டேக் பண்ணினோம் என்று கண்ணடிப்பார்கள். அவர்களைச் சொல்லி என்ன, நாம் மட்டும் ஒழுங்கா? பசி எடுக்கிறது என்கிறோம், வாந்தி எடுக்கிறது என்கிறோம், தீபாவளிக்குச் சேலை எடுக்கிறோம், பல்லை எடுக்கிறோம், பாம்பு படம் எடுக்கிறது, மாமன் வீட்டில் பெண் எடுக்கிறோம். நம் 'எடு'வைப் படிக்க வந்தால் ஹெங் இரண்டாம் நாளே கடலில் குதித்திருப்பார்.

நாளுக்கு ஓர் அர்த்தம் என்று பாடம் நடந்தது. ஹெங் கரையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். மைனா மேலே உட்கார்ந்து திருத்தும். பாடம் முடிந்ததும் ஊர்க் கதை, மகள் கதை, சந்தைக் கதை. அந்த நாட்களைப் போல மைனா தன் வாழ்நாளில் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

உள்ள அர்த்தங்கள் எல்லாம் தீர்ந்தபோது அது என்ன செய்தது தெரியுமா? சொந்தமாகக் கட்டிவிட ஆரம்பித்தது. மழைக்கு முன் தும்பி தாழப் பறந்தால் அதற்கும் டேக் என்றது. ஈர விறகு புகைந்தால் அதுவும் டேக் என்றது. பாவம், அந்த மனிதர் அத்தனையையும் நம்பி மனப்பாடம் செய்தார்.

அடுத்த கப்பல் வந்தது. ஹெங் முகம் கழுவி, தலையை வாரிப் பின்னிக்கொண்டார். "இறங்கட்டுமா?" என்று கேட்டார்.

"பொறுங்க தவுக்கே, இன்னும் ஒரு அர்த்தம் பாக்கி. நான் முன்னால போய், மனுசங்க எப்படின்னு பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மைனா பறந்தது.

தண்ணீர் பிடிக்க வரும் கப்பல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பீப்பாய் படகில் ஏறியதும், படகுத் தலைவன் கரையைப் பார்த்து ஒரே ஒரு முறை குரல் கொடுப்பான். "வர ஆள் இருக்கா?" என்பான். கடலில் கைவிடப்பட்டவர்களுக்காக ஏற்பட்ட பழக்கம் அது. பதில் வந்தால் யாராக இருந்தாலும் ஏற்றிக்கொள்வார்கள். வராவிட்டால் துடுப்பைப் போட்டுவிடுவார்கள். முதல் கப்பல்காரனும் கேட்டிருப்பான், ஹெங்குக்குத்தான் அது விளங்கியிருக்காது.

அன்றும் கேட்டான். மைனா கிளையில் உட்கார்ந்திருந்தது. ஹெங் மேலே குடிசை வாசலில் நின்று அதன் தலையசைப்புக்காகக் காத்திருந்தார்.

"யாரும் இல்லை" என்றது மைனா.

படகு போய்விட்டது. "அவங்க வேற திசைக்குப் போறவங்க தவுக்கே" என்று அது மேலே வந்து சொன்னது. ஹெங் நம்பினார். வாரிய தலையைக் கலைக்காமல், பாக்கி அர்த்தம் என்ன என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னது உடும்பு. சுனைப் பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அது, இரண்டு நாள் யோசித்துவிட்டு, தண்ணீர் எடுக்க வந்த ஹெங்கிடம், "அவன் கேட்டான். இது இல்லைன்னுச்சு" என்றது. அது பேசியதிலேயே பெரிய பேச்சு அதுதான்.

ஹெங் மரத்தடியில் வந்து நின்றார்.

"மைனா, எத்தனை அர்த்தம் தெரிஞ்சிருந்தா போதும்?"

மைனா அலகைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டது. பிறகு, "முதல் நாள் சொன்னதே போதும்" என்றது.

"உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்லை தவுக்கே. நீங்க போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?"

"என் மகளும் அங்க யார்கிட்டயாவது இதைத்தான் கேட்டுக்கிட்டிருப்பா" என்றார் ஹெங்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மைனாவிடம் மட்டுமல்ல, யாரிடமும் பேசவில்லை. பாடம் சொல்லிப் பார்ப்பதும் நின்றது. மைனா பழம் கொண்டுவந்து வாசலில் போடும். அவர் எடுத்துத் தின்பார், தலை நிமிர மாட்டார். "திட்டவாவது செய்யுங்களேன்" என்று அது கெஞ்சியது, அழுதது. இப்போது பக்கத்தில் ஆள் இருந்தும் பேச்சுத் துணை இல்லை. ஆளே இல்லாத காலம் இதைவிடத் தேவலை என்று அதற்குத் தோன்றியது.

மழைக்காலம் வந்தது. ஹெங்குக்குப் பழைய காய்ச்சல் திரும்பியது. இம்முறை அவர் எழுந்திருக்கவில்லை. சுனை வரைக்கும் நடக்க முடியவில்லை, மைனா அலகில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. அது எம்மட்டு?

அந்த நேரத்தில் அதே இங்கிலீஷ் கப்பல் தண்ணீருக்கு வந்தது. மைனா அலறிக்கொண்டு கரைக்குப் போனது. "மேலே ஒரு மனுசர் சாகக் கிடக்கார், வந்து தூக்குங்க" என்று ஒவ்வொருவர் காதிலும் போய்க் கத்தியது.

படகுத் தலைவன் அதை அடையாளம் கண்டுகொண்டான். "போன தடவை யாரும் இல்லைன்னு நீதானே சொன்னே? இப்ப எங்கேருந்து வந்தான் மனுசன்? பறவைப் பேச்சைக் கேட்டுக் காய்ச்சல் தீவுக்குள்ள ஏற எனக்கென்ன பைத்தியமா?" என்றான். கடைசிப் பீப்பாய் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு, பச்சைக் குஞ்சுக்கும் அது தெரியும். எந்த உயிரும் அடுத்த உயிரின் குரலில் பேசக் கூடாது. பேசினால் சொந்தக் குரல் கோபித்துக்கொண்டு அந்த இனத்தையே விட்டுப் போய்விடும், பிறகு எவ்வளவு கூப்பிட்டாலும் வராது.

படகுத் தலைவன் வழக்கப்படி கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "வர ஆள் இருக்கா?"

மைனா மரத்தின் மேலே, இலைகளுக்குள்ளே போய் மறைந்து உட்கார்ந்தது. ஹெங் கரையில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்த அத்தனை நாளையும் நினைத்துக்கொண்டது. தொண்டையைச் செருமியது. அவர் குரலிலேயே, அவர் இழுக்கிற இழுப்பிலேயே, "டேக் மீ" என்றது.

துடுப்பு நின்றது. "மனுசக் குரல்தான், மேலேருந்து வருது" என்றான் ஒருவன். அர்த்தம் கேட்டு யாரும் நிற்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. நாலு பேர் மேலே ஏறிப்போய், ஹெங்கைப் பாய்த் துணியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். வாயில் தண்ணீர் விட்டார்கள். படகில் கிடத்தியபோது அவர் கண் திறந்தார்.

அந்தப் பறவைதான் முதலில் வந்து கத்தியது என்பதுபோல, படகுத் தலைவன் மரத்தைக் கையால் காட்டினான். மைனா தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்திருந்தது. ஹெங் அதை வெகுநேரம் பார்த்தார். எத்தனையோ நாளாக மூடியிருந்த வாய் திறந்தது.

"நீயும் வர்றியா?" என்று கேட்டார்.

மைனாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வர்றேன் தவுக்கே, தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்கங்க, வர்றேன் என்று சொல்ல அலகைத் திறந்தது.

"நீயும் வர்றியா?" என்று ஹெங்கின் குரல் வந்தது.

அது பயந்துபோய் மறுபடியும் முயன்றது. மறுபடியும் அதே கேள்விதான் வந்தது, அதே குரலில்.

ஹெங்கின் முகம் வாடியது. ஒருகாலத்தில் கரையில் ஒருவன் தன்னைப் போலவே ஆடிக் காட்டியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சரி, நீ இங்கேயே இருந்துக்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"சரி, நீ இங்கேயே இருந்துக்க" என்றது மைனா.

படகு நகர்ந்தது. இருந்துக்க என்று அவரே சொன்ன பிறகு, பின்னாலேயே பறந்து போக அதற்கு மனம் துணியவில்லை. ஹெங் ஊர் போய்ச் சேர்ந்தாராம். சியூ லானுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்ததாம், முதலில் அத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அப்புறம் மெல்ல வந்து மடியில் உட்கார்ந்தாளாம். அவர் கதை அங்கே சுகமாக முடிந்தது. மைனா சுனைக் கரையிலேயே நின்று, வந்த கப்பல்காரர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்லப் பார்த்தது. அவர்கள் என்ன சொன்னார்களோ அதுதான் அதன் வாயிலிருந்து வந்தது.

அன்று முதல்தான் மலை மைனா சொந்தமாக ஒரு சொல்லும் பேசுவதில்லை. நாம் கேட்டதையே நம் குரலில் நம்மிடம் கேட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, நம் வாயையே பார்த்துக்கொண்டு இருக்கிறது.