ஐந்தாம் பாத்தியில் கிடந்தவர்

கருவேலன்துறை உப்பளத்தில் நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாமல் கேளுங்கள். மாற்றிச் சொல்லித்தான் எங்களை இத்தனை காலம் ஏமாற்றினார்கள். முதலில் மழைமாதக் கூலியை நிறுத்தினார்கள். அடுத்து, பெண்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த வண்டியை நிறுத்தினார்கள். அதன்பின், நியாயம் கேட்கப் போனவர்களை அடித்தார்கள். நாங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். அதன்பின், எங்கள் சங்கச் செயலாளர் மாசாணமுத்து காணாமல் போனார். அதன்பின், முதலாளியிடம் விலைபோய் ரயிலேறிவிட்டார் என்று அவரைப் பற்றி ஊர் பேசியது, வேலைநிறுத்தம் உடைந்தது. கடைசியாக, சங்க வாசலில் தியாகிகளுக்குக் கல் நட்டபோது அவர் பெயரை விட்டுவிட்டார்கள். அவர் மனைவி சுடலைவடிவு முப்பது வருடமாக அந்தக் கல்லைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்தார்.

போன மாதம் காற்றாலைக்கு அடித்தளம் போட, கைவிடப்பட்ட அந்த அளத்தில் எந்திரம் இறங்கியது. ஐந்தாம் பாத்தியில் மண் பலகைபோல் இறுகிக் கிடந்ததால் எந்திரமே திணறியதாம். உடைத்துப் பார்த்தால் கீழே எலும்புகள். மண்டையின் பின்பக்கம் பிளந்திருந்தது. இடுப்பில் வெள்ளி அரைஞாண் கறுத்துப்போய் அப்படியே கிடந்தது. அது தன் கணவருடையதுதான் என்று சுடலைவடிவு அடையாளம் சொன்னார்.

விசாரணைக்கு வந்தவர் எங்கள் ஊர்க் குற்றப்பிரிவு ஆய்வாளர் செல்லக்கனி. காக்கிச் சட்டையை நான் லேசில் புகழமாட்டேன். என் முதுகில் அதன் தடம் இன்னும் இருக்கிறது. ஆனால் இந்த அம்மாளுக்குக் கண் இருந்தது.

"கொன்னவனப் பிடிங்க, பிடிக்காமப் போங்க," என்றார் சுடலைவடிவு. "எம்புருசன் ஓடிப்போகலன்னு நாலு பேருக்கு முன்னால வாசிக்கணும். அது போதும்."

"ரெண்டும் நடக்கும்மா," என்றார் ஆய்வாளர்.

சந்தேகம் மூன்று பேர் மேல் விழுந்தது. முதல் ஆள், அன்று முதலாளி கூட்டிவந்த ரௌடி பரமன்; அடிபட்டுக் கிடந்தவர் மடியைக்கூடத் தடவாமல் விடாதவன். இப்போது பல் போன கிழவன். கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டான்.

"எழுதிக்கிடுங்கம்மா, நாந்தான் அடிச்சேன். பேப்பர்ல படம் போடுவாங்களா?"

"எப்படிப் புதைச்சீரு?"

"மம்பட்டியால தோண்டினேன், போட்டேன், மண்ணத் தள்ளி மூடிட்டுப் போயிட்டேன். பொறவு என்ன, கோலமா போட்டுட்டு வருவாவ?"

இரண்டாம் ஆள், அளத்து மேனேஜர் தெய்வநாயகம். எங்கள் கூலியை வெட்டிய மனிதர், பூட்ஸ் இல்லாமல் வரப்பில்கூடக் கால் வைக்காதவர். "மாசாணமுத்து தொலைஞ்சா நல்லதுன்னு நெனச்சேன். மறைக்கல," என்றார். "ஆனா எங்கிட்ட லாரி இருந்துது, பக்கத்துலயே கடல் இருந்துது. என் பாத்தியில நானே பொணத்தப் போட எனக்கென்ன கிறுக்கா?"

மூன்றாம் ஆள் கொம்பையா. மாசாணமுத்துவோடு ஒரே பாத்தியில் உப்பு வாரியவர். அவருக்குப் பின் செயலாளராகி இன்று சங்கத் தலைவராக இருப்பவர். எலும்புகளைப் பார்த்து வாய்விட்டு அழுதார். "முதலாளி கூலிப்படை செஞ்ச வேலைம்மா. நாளைக்கே ஆர்ப்பாட்டம். கல்லுல பேர நானே வெட்டுதேன்," என்றார். காணாமல் போன அன்று மாலை இருவரும் ஏதோ சத்தம் போட்டுப் பேசியதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். சங்கத்தில் சத்தம் போடாமல் யார் பேசினார்கள்?

செல்லக்கனி என்னிடமும் வந்தார். "ஐயா, வேலைநிறுத்தம் முடிஞ்சு உள்ள போனதும் அந்தப் பாத்தியில என்ன செஞ்சீங்க?"

"நேரே உப்புத்தண்ணி பாய்ச்சினோம். தரையில யாரும் கை வைக்கல."

"முதல் உப்பு எப்படி வந்துச்சு?"

"வெள்ளைவெளேர்னு. மத்த பாத்தி மாதிரியே. ஏன் கேக்கீங்க?"

அவர் அதை எழுதிக்கொண்டார். உப்பளம் அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாத்தியின் தரை வெறும் மண் அல்ல. ஈரக் களிமண்ணை வெறுங்காலால் குதிகால் பதிய மிதித்து, காயவிட்டு, மறுபடி மிதித்துத்தான் அதை இறுக்குவோம். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் அங்கே வாரும் உப்பு சேறு கலந்து பழுப்பாக வரும். வேலைநிறுத்தக் காலத்தில் வெளியூர்க் கூலி ஒருவனையும் நாங்கள் உள்ளே விடவில்லை. அது எங்கள் பெருமை, இன்றும்.

வாசகரே, ஒப்புக்கொண்டவன் ஒருவன், வெறுத்தவர் ஒருவர், அழுதவர் ஒருவர். இவர்களில் மாசாணமுத்துவைக் கொன்றது யார்? எதை வைத்துச் சொல்வீர்கள்?

விடை: கொன்றவன் கொம்பையா. பரமன் கொன்றிருந்தால் வெள்ளி அரைஞாண் இடுப்பில் தங்கியிருக்காது. அவன் சொன்னபடி மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் அந்தப் பாத்தியில் வெள்ளை உப்பும் விளைந்திருக்காது. மேனேஜருக்கு மிதிக்கத் தெரியாது, மிதித்துக் கொடுக்க உள்ளே கூலியாளும் கிடையாது. குழியை மூடி, தரையைப் பழையபடி மிதித்து இறுக்கியது ஓர் உப்பளத் தொழிலாளியின் கால். மூவரில் அந்தக் கால் ஒருவனுக்குத்தான் உண்டு. மேனேஜரோடு ரகசியமாகப் பேசி வேலைநிறுத்தத்தை விற்றவன் அவன்தான். காணாமல் போன அன்று மாலை எழுந்த சத்தம் அதைப் பற்றித்தான்; மறுநாள் கூட்டத்தில் அதை மாசாணமுத்து சொல்லவிருந்தார். இதையெல்லாம் அந்தப் பாத்தியின் கரையில் வைத்து ஆய்வாளர் சொன்னபோது கொம்பையா மறுக்கவில்லை. "மிதிக்காம விட்டா உப்பு கலங்கிப்போகுமேம்மா," என்று மட்டும் சொன்னான். சாட்சிகளாக நாங்கள் சுற்றி நின்றோம். செல்லக்கனி அறிக்கையை உரக்க வாசித்தார்: இறந்தவர் ஊரைவிட்டு ஓடியவர் அல்ல, வேலைநிறுத்தத்தைக் காத்து நின்றபோது கொல்லப்பட்டவர். வாசித்து முடித்ததும், "பேர மட்டும் இன்னொரு தடவ," என்றார் சுடலைவடிவு. ஆய்வாளர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்று வாசித்தார்:

"மாசாணமுத்து."