நாற்காலிக்கு ஒரு நிபந்தனை

"போட்டி போட்டின்னு சொல்றாங்களே தோழர், அதுல நியாயம்னு ஒண்ணு உண்டா?"

கேட்டுக்கொண்டே தொழிற்சங்க அலுவலகத்துக்குள் நுழைந்தார் வேதமாணிக்கம். தச்சர் கூட்டுறவுப் பட்டறையின் செயலாளர். அரசுப் பள்ளிகளுக்கு பெஞ்சு செய்யும் டெண்டர் இந்த முறையும் கைநழுவினால் பட்டறைக்குப் பூட்டுதான். அதை நம்பியிருக்கும் நாற்பது குடும்பமும் தெருவுக்கு வந்துவிடும்.

சங்கத் தலைவி அமலோற்பவம் அவரைவிட வயதில் இளையவர். தடியடி வாங்கியதில் மூத்தவர். அறையிலிருந்த ஒரே நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க தோழர்."

வேதமாணிக்கம் சுற்றிலும் பார்த்தார்.

"எதுல?"

"இதுலதான்." தன் நாற்காலியின் கையைத் தட்டினார். "யார் வேணும்னாலும் உட்காரலாம். ஒரே ஒரு நிபந்தனை. இதுக்கு முன்னால மூணு வருஷம் இதே நாற்காலியில உட்கார்ந்திருக்கணும்."

"அப்படிப் பார்த்தா நீங்க ஒருத்தர்தானே?"

"போட்டி எல்லாருக்கும் பொது."

வேதமாணிக்கத்தின் முகம் சுண்டிப்போனது. டெண்டரிலும் அச்சு அசலாக இதே வரிதான். இதே பெஞ்சை மூன்று வருஷம் அரசுக்குக் கொடுத்திருக்க வேண்டும். மாவட்டத்தில் அப்படி ஒரே ஒரு கம்பெனிதான் இருந்தது.

"நேத்து டெண்டர் கூட்டத்துல இந்த நிபந்தனையை வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க. ஆட்சேபம் உண்டான்னும் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்பத்தான் வடை வந்துச்சு."

"யார் உபயம்?"

"அந்தக் கம்பெனிதான்."

"எப்படி இருந்துச்சு?"

"மொறுமொறுன்னு நல்லாத்தான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "கிண்டல் பண்ணாதீங்க தோழர். அங்க வழக்கமே அதுதான். யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. திறந்தா, மாதிரிக்குக் கொண்டுபோற பெஞ்சை ஆடுதுன்னு சொல்லித் தள்ளிடுவாங்க."

"இத்தனை வருஷம் திறக்காமத்தானே இருந்தீங்க. ஒரு பெஞ்சாவது வாங்கினாங்களா?"



அமலோற்பவம் ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். நிமிரவே இல்லை.

வேதமாணிக்கம் நின்றார். கால் மாற்றி நின்றார். மின்விசிறிக் காற்று அவர் பக்கம் வரவில்லை. எல்லா அலுவலகத்திலும் இப்படித்தான் நின்றிருக்கிறார்.

சட்டென்று நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

"எந்திரிங்க."

"என்னது?"

"எந்திரிங்க தோழர். யாரைக் கேட்டு இந்த நிபந்தனை வெச்சீங்க?"

அமலோற்பவம் எழுந்தார். சிரிக்கவில்லை.

"இந்தக் குரல் நேத்து எங்க போச்சு? கூட்டம் நாளைக்கும் இருக்கு."

மறுநாள் அதே கூடம். அதிகாரி நிபந்தனைகளை மறுபடியும் மளமளவென்று வாசித்தார்.

"ஆட்சேபம் உண்டா?" கேட்டபடியே அடுத்த தாளைப் புரட்டினார்.

வடைத் தட்டு வந்தது. சுற்றிலும் வாய்கள் மென்றன.

வேதமாணிக்கம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"உண்டு."

மெல்லுகிற சத்தம் நின்றது.

அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க பெஞ்சு இன்னும் சோதனைக்கே வரலை. ஞாபகம் இருக்கில்ல? முதல்ல உட்காருங்க."

"உட்காரத்தான் சார் வந்திருக்கேன். உங்க மூணு வருஷ நிபந்தனையை எந்திரிக்கச் சொல்லுங்க."