செவலையைத் தேடப் போன டிரோன்

சுயம்புலிங்கத்தின் நிறைசினைப் பசு செவலை, தேரிக்காட்டுக்குள் போய்விட்டது. சிவப்பு மணலில் சிவப்பு மாட்டை எங்கே என்று தேட? "மாடு இல்லாம வாசப்படி ஏறப்படாது" என்று சொல்லிவிட்டாள் பெண்டாட்டி ராசகனி.

கல்யாண வீடுகளில் டிரோன் விட்டுப் படம் எடுக்கும் மச்சினன் லிங்கதுரை, மனசே இல்லாமல் அதைக் கொடுத்தான்.

"அத்தான், மொதல்ல காத்து எப்படின்னு போன்ல பாருங்க. மேப்புல பச்சையா இருக்கிற எடத்துல மட்டும் விடுங்க. செவப்புல விட்டா போலீஸ் பிடிச்சிரும். டிரோனை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க."

சுயம்பு தலையாட்டினான். கூட்டாளிகள் தவசிக்கனியும் பட்டுமுத்துவும் கூடவே வந்தார்கள். யோசிக்க ஆள் வேண்டுமே.

மழைத் தண்ணி அறுத்துப்போட்ட ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் நின்று போனைப் பார்த்தார்கள்.

"காத்து இருபது கிலோமீட்டர்னு போட்டிருக்கு" என்றான் சுயம்பு.

"அப்ப ரொம்ப தூரத்துலதான் இருக்கு" என்றான் பட்டுமுத்து. "வந்து சேர நேரமாகும்."

"பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டுன்னா?" என்றான் தவசிக்கனி.

"ஞாயித்துக்கெழம இந்தப் பக்கம் ஏதுல பஸ்ஸு?" என்றான் பட்டுமுத்து.

அடுத்தது பச்சை. "மேப்பு எதுக்கு, நேர்லயே நிக்கோம்லா" என்று சுற்றிலும் பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டியவரை ஒரே சிவப்பு. சுயம்புக்கு அழுகை வந்துவிட்டது. பட்டுமுத்துதான் வீட்டுக்கு ஓடிப்போய், கொடியில் காய்ந்த ராசகனியின் பச்சைச் சேலையை உருவிக்கொண்டு வந்தான்.

டிரோன் எழும்பியது. கூட்டாளிகள் இருவரும் சேலையை விரித்துப் பிடித்து அதற்கு நேர் கீழே ஓடினார்கள். சட்டம் ஒரு நூல்கூட மீறப்படவில்லை. சுயம்பு அண்ணாந்தபடியே பின்னால் ஓடினான். முந்திரி மரத்தில் மோதினான்; கண்ணை எடுக்கவில்லை.

"மாடு தெரியுதால?"

"நான் டிரோனைல்லா பாக்கேன். நீங்க பாருங்க."

"நாங்க சேலையைப் பிடிச்சிருக்கோம்லா."

ஓடைக்குள் திரும்பியபோது சேலை கனத்தது. பச்சையைக் கண்டு வந்த ஒரு பசு முந்தானையை மென்றுகொண்டிருந்தது.

"மாப்ள, ஒரு மாடு சட்டத்தைத் திங்குது" என்றான் தவசிக்கனி.

சுயம்பு அண்ணாந்தபடியே கையால் தடவினான். கொம்பு, காது, கழுத்துக் கயிறு. செவலைதான். கழுத்தைத் தட்டிக்கொடுத்தான்.

"ஒதுங்கி நில்லு தாயி. ஒன்னியத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

அந்நேரம் பார்த்துக் காற்று வந்து சேர்ந்தது. டிரோனை அள்ளிக்கொண்டு மணல்மேட்டுக்கு அப்பால் போய்விட்டது.

மூவரும் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். லிங்கதுரைக்கு என்ன பதில் சொல்ல?

"இந்தக் காட்டுல மூலைமுடுக்கெல்லாம் அறிஞ்சது யாரு?" என்றான் பட்டுமுத்து.

மூவரும் செவலையைப் பார்த்தார்கள்.

பொழுது சாயும்போது சுயம்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசப்படி ஏறினான். "மாடு கெடச்சிட்டு."

ராசகனி அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எங்க?"

"டிரோனைத் தேடப் போயிருக்கு."