புள்ளிகளுக்குப் பின்னால்

திண்டுக்கல்லில் பழைய வீடியோ கேசட்டுகளை கம்ப்யூட்டருக்கு மாற்றித்தரும் மெர்லினுக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த தணிகாசலத்துக்கு அறுபது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அவருடைய அவசரம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஒருநாள் சுகந்தி என்ற பெண் கேசட் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா அம்மாவின் கல்யாணம். அவள் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். போட்டோ இருக்கிறது, குரலைத்தான் அவள் கேட்டதில்லை.

தணிகாசலம் ஓடவிட்டார். கல்யாணத்தைக் காணோம், கிரிக்கெட் ஓடியது. எந்தப் புண்ணியவானோ அதன் மேலேயே மேட்சைப் பதிவு செய்திருந்தான். இருபது நிமிடத்தில் நிறுத்தி, 'ஒன்றும் இல்லை' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டார்.

மெர்லின் சீட்டைப் படித்தாள். முழுதும் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"ஒரு கேசட்ட எதுவரைக்கும்மா பாக்கறது?" என்றார் அவர்.

அவள் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றினாள். முதலிலிருந்து ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் பதிவையும் தொடங்கினாள். நாடா உதிர ஆரம்பித்திருந்தது. இன்னொரு தடவை ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மேட்ச் முடிந்தது. அதன்பின் ஒளிபரப்பு நின்றுபோன டிவியின் வெறும் புள்ளிகள், இரைச்சல். அரைமணி நேரம் அதுவே. பெஞ்சில் காத்திருந்த சுகந்தி கண்ணை எடுக்கவில்லை. தணிகாசலத்தின் கை இரண்டு முறை நிறுத்தும் பட்டனுக்குப் போனது. மூன்றாம் முறை மெர்லின் அந்தக் கையில் டீ தம்ளரைக் கொடுத்துவிட்டாள். இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய சூடு.

அவர் பாதி குடித்திருப்பார், படம் குலுங்கியது. மேலே பதிந்தது அங்கே முடிந்து, புள்ளிகள் விலகின. பந்தி தெரிந்தது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை நேராகக் கேமராவிடம் வந்தார்.

"போதும் தம்பி, நிறுத்து. காலைலேருந்து நிக்கிற. மொதல்ல வந்து சாப்பிடு."

சுகந்தி எழுந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். தணிகாசலம் மீதி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, "உங்கப்பா பேசறார்மா, உங்கப்பா" என்று அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

கேமரா நிற்கவில்லை. பந்தி முழுக்க அவர் பின்னாலேயே ஆறு நிமிடம் போனது. பிறகு நாடா தீர்ந்து, கருவி தானாக நின்றது.

தணிகாசலம் தன் சீட்டைக் கிழித்தார். சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவரே நிறுத்தச் சொன்னாரே. அந்த வீடியோக்காரன் ஏம்மா நிறுத்தல?"

மெர்லின் காலி தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அவன் பசியோட நின்னே நாடா தீர்ற வரைக்கும் எடுத்தான் சார். நாம டீ குடிச்சிட்டுதானே உக்காந்திருந்தோம்."