நாற்பது பேர் செத்த விதம்

பாளையத்து அரண்மனையில் கறி சமைப்பவள் சடச்சி. ஒருநாள் அவள் ராஜாவுக்குப் பரிமாறும்போது அரண்மனை வைத்தியர் ஓலைக்கட்டோடு வந்து, "ராஜா, ஊரெல்லாம் விசாரித்துவிட்டேன். தினமும் ஆட்டுக்கறி தின்ற நாற்பது பேர் முப்பது வயதிலேயே போய்விட்டார்கள். இவள் சமைப்பது விஷம்!" என்றார்.

ராஜா கறிக்கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "உச்சிப்பொழுதுக்குள் இதைப் பொய்யென்று காட்டு. இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ" என்றார் சடச்சியிடம்.

அவள் வைத்தியரிடம் பெயர்களைக் கேட்டுக்கொண்டு வீடு வீடாக ஓடி, மூச்சிரைக்கத் திரும்பினாள்.

"கறி நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியாது சாமி. ஆனா அந்த நாப்பது பேரும் உங்க படையில முன்வரிசையில நின்னவங்க. படையாளுக்குத்தானே தினமும் கறி? அத்தனை பேரும் வேல்கம்பு குத்துப்பட்டுச் செத்திருக்காங்க."

ராஜா வைத்தியர் பக்கம் திரும்பினார். "எப்படிச் செத்தார்கள் என்று கேட்கவில்லையா?"

வைத்தியர் ஓலையைப் புரட்டினார். "என்ன தின்றார்கள் என்று மட்டும்தான் கேட்டேன், ராஜா."