கதவில் ஒட்டிய பட்டியல்

"இந்தக் கணினி பொய் சொல்கிறது, அம்மா" என்றார் ஆனைமுத்து.

அங்கயற்கண்ணி தலை நிமிரவில்லை. அந்த மருத்துவமனையின் பதிவறையில் கணினி வேலை கற்றுத்தரும் ஆசிரியை அவர். அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த ஆனைமுத்து அவருடைய மாணவர்.

"என்ன பொய்?"

எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று சொல்வதே அந்தக் கணினியின் வேலை. ஊசி போடுமுன் செவிலியர் பெயரைத் தட்டிக் கேட்பார்கள். நேற்று ஹாஜிரா பீவியின் பெயரைக் கேட்டதற்கு, ஆகாத மருந்து ஏதும் இல்லை என்று விடை வந்தது. பென்சிலின் ஊசி அருகே வந்தபிறகு, அந்த அம்மாளே பதறிக் கையை இழுத்துக்கொண்டார்.

செவிலி பெனிட்டா பதிவறை வாசலில் வந்து நின்றார். "அண்ணே, உங்க கம்ப்யூட்டர நம்புனதுக்கு இந்நேரம் நான் ஜெயில்ல இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பதிவேட்டை வரிவரியாகப் பார்த்தால் அந்தப் பெயர் இருக்கிறது. எதிரே பென்சிலின் என்றும் இருக்கிறது. தேடினால் மட்டும் இல்லை என்கிறது" என்றார் ஆனைமுத்து.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

அகப்படாத பெயர்களைத் தனிப் பட்டியலாக்கி, முதலில் அதைப் பார்க்கும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்திருப்பதாக அவர் சொன்னார்.

"எத்தனை பெயர்கள்?"

"இருபத்து மூன்று. அத்தனை பேரும் தாமே சொல்லித் தப்பிய நோயாளிகள்."

"இருபத்து நான்காமவர் மயக்கத்தில் வந்தால்?"

ஆனைமுத்துவுக்கு எரிச்சல் வந்தது. மருந்து கேட்டு வந்தவனிடம் கேள்வி கேட்டால் எப்படி என்று முணுமுணுத்தார்.

அங்கயற்கண்ணி பெருமூச்சு விட்டார். "சரி. தேநீர் குடித்துவிட்டு வந்து, ஜெஸிந்தா என்ற நோயாளியின் பழைய அட்டையை எடுத்துக் கொடுங்கள்."

கணினி வருமுன் எழுதிய அட்டைகள் மர அலமாரியில் இருந்தன. எந்த எழுத்து எந்தத் தட்டில் என்ற பட்டியல் அதன் கதவில் ஒட்டியிருந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்த ஆனைமுத்து அதைப் படித்தார். குனிந்து நான்காம் தட்டில் தேடினார்.

"இல்லை, அம்மா."

"இன்னொரு முறை."

இன்னொரு முறையும் இல்லை. மூன்றாம் முறை, பொறுமையிழந்து எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்தார். அட்டை முதல் தட்டில் இருந்தது.

"யார் இதை இடம் மாற்றியது?"

"நான்தான். நீங்கள் தேநீருக்குப் போனபோது."

"தட்டை மாற்றினால் கதவில் இருக்கும் பட்டியலையும் மாற்ற வேண்டாமா? தேடுகிறவன் அதை நம்பித்தானே வருகிறான்?"

"சென்ற வாரம் கணினியில் புதிய மென்பொருளை ஏற்றியது யார், ஐயா?"

ஆனைமுத்து கணினியின் முன் போய் உட்கார்ந்தார். ஏற்றியது அவர்தான். அன்று அறை முழுவதற்கும் லட்டுகூட வாங்கிக் கொடுத்திருந்தார். புதிய மென்பொருள் ஜ, ஹ போன்ற எழுத்துகளை வேறொரு வரிசையில் வைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். எந்தப் பெயர் எங்கே என்று கணினி பார்த்துத் தேடும் அகவரிசை மட்டும் பழைய முறையிலேயே கிடந்தது.

ஒரு மணி நேரத்தில் அதைப் புதிதாக எழுதினார். தனிப் பட்டியலை அழித்தார். ஹாஜிரா பீவியின் பெயரைத் தட்டினார். பென்சிலின் ஆகாது என்று உடனே விடை வந்தது. எட்டு நாளாகத் தேடலுக்கு அகப்படாமல் கிடந்த பெயர்கள் எத்தனை என்றும் கேட்டார். நூற்று எண்பத்தாறு.

அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"முடிந்தது, அம்மா. இனி இது பொய் சொல்லாது."

"இனிச் சொல்லாது. எட்டு நாளாகச் சொன்னவை?"

ஆனைமுத்து அந்த நூற்று எண்பத்தாறு பெயர்களையும் அச்செடுத்தார். பிறகு, செருப்பை மாட்டவும் நில்லாமல் வார்டை நோக்கி ஓடினார்.